கல்லில் எழுதாத குடும்பம்

நீலகிரியில் இருக்கும் ஏதோ ஒரு பழைய கல்லறையின் படத்தை அனுப்பி, "இவர் எங்கள் பாட்டனுக்குப் பாட்டன், இவரைப் பற்றி அங்கே ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டு எனக்கு அவ்வப்போது கடிதம் வரும். பெரும்பாலும் ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா. எப்போதாவது பெங்களூர். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூடலூர், குன்னூர் பக்கம் சங்கிலியோடு அலைந்த காலத்தில் தேயிலைக்கு நடுவே இப்படிப்பட்ட கல்லறைகளை நிறையப் பார்த்தேன். யாருடையது என்று கேட்டால் "தொரை சமாதி" என்பார்கள், அவ்வளவுதான். எந்தத் துரை என்று தேட ஆரம்பித்தது அப்புறம்.

கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: கல்லை வைத்து ஆளைத் தேடுங்கள், ஆனால் அவருடைய குடும்பம் முழுவதும் கல்லில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கல்லுக்குப் பணம் கொடுத்தவர்கள் யாரைக் குடும்பம் என்று ஒப்புக்கொண்டார்களோ அவர்கள் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும்.

இன்னொன்று. மலையில் புதைக்கப்பட்டவர்கள் எல்லோரும் மலையில் தோட்டம் போட்டவர்கள் அல்ல. 1820களிலிருந்தே ஊட்டி, நோயாளிகள் உடம்பு தேற்றிக்கொள்ள வந்த இடம். சமவெளியில் காய்ச்சலில் விழுந்த ராணுவத்தார் மேலே வந்து, தேறாமலே இங்கே மண்ணுக்குள் போயிருக்கிறார்கள். மறுபக்கம், நிஜமான முன்னோடி இங்கே இருக்கமாட்டார். ஊட்டியை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் கல்லறையை ஊட்டியில் தேடுகிறவர்கள் உண்டு. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் இருப்பது 1838இல் இறந்த அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும். அவர் இங்கிலாந்து திரும்பி, 1855இல் இறந்து, ஸ்லவ் ஊரில் அடக்கமானார். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் எத்தனையோ தலைமுறையாக வாழ்ந்த மலையில் வெள்ளைக்காரரை முன்னோடி என்பதே கொஞ்சம் வேடிக்கைதான். தோட்டமும் பங்களாவும் போட்ட முதல் ஆட்கள் என்ற அளவில் வைத்துக்கொள்வோம்.

நான் தேடியவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது கூடலூர் பக்கம் தேவாலா என்ற ஊருக்கு அருகே இருக்கும் கல்லறை ஒன்று. ஆஸ்திரேலியாவில் இருக்கும் வயதான அண்ணனும் தங்கையும் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர் காப்பித் தோட்டம் வைத்திருந்தார், 1870களில் இறந்தார், புலி அடித்துச் செத்தார் என்பது வீட்டுக் கதை. கையில் இருந்தது பெயரும் மங்கலான ஒரு பென்சில் ஓவியமும்தான்.

இடத்தைக் கண்டுபிடிக்க நான் வரைபடத்தைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, இங்க பழைய தொரை சமாதி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். ஏழாம் நம்பர்ல, பைப் லைனுக்கு மேல. காலைல போங்க, சாயங்காலம் ஆனை எறங்கும்" என்றார். ஏழாம் நம்பர் என்பது எஸ்டேட்டின் ஒரு பகுதி.

எஸ்டேட்டுக்குள் போக மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள். கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டைக்கடியும் வழுக்கலுமாக இருக்கும், கல்லில் பாசியும் தடித்திருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். போகும்போது மெல்லிய பிரஷ், தண்ணீர், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, டார்ச் போதும். எழுத்து தெரியவில்லை என்று கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பவர்களையும் ஆசிட் ஊற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் பூசுவது, ஷேவிங் நுரை தடவுவது எல்லாமே கல்லுக்குக் கெடுதல். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும், அதுதான் வழி. காலையிலோ மாலையிலோ சூரியனே அதைச் செய்யும். மரநிழலில் இருந்தால் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி கல்லின் மேல் உரசினாற்போல விட்டால், நேரே பார்த்தால் தெரியாத எழுத்தும் எழுந்து நிற்கும்.

தேவாலா கல்லில் ஈயத்தால் எழுத்துப் பதித்திருந்தார்கள். ஈயத்தை யாரோ எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஈயம் பிடித்து நிற்பதற்காகப் போட்ட சின்னத் துளைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் துளைகள் விழும் அமைப்பு வேறு வேறு. தெளிவாக இருக்கும் எழுத்துகளின் துளைகளை முதலில் ஒரு தாளில் வரைந்துகொண்டு, தெரியாத இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வாசித்துவிடலாம். அப்படிக் கிடைத்தது: பெயர், வயது 34, ஸ்காட்லாந்தில் ஒரு மாவட்டத்தின் பெயர், சக தோட்டக்காரர்கள் எழுப்பியது என்ற வரி. வருடத்தில் முதல் மூன்று எண்கள் மட்டும். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சாவுக்குக் காரணமும் இல்லை.

கல்லின் அடியோரத்தையும் பாருங்கள். செய்த கல்தச்சுக் கம்பெனியின் பெயர் சிறிதாக இருக்கலாம். பக்கத்தில் வேறு கல்லறைகள் இருந்தால் எல்லாவற்றையும் படமெடுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் போயிருந்தால், அந்த வருடம் அந்த ஊரில் என்ன நோய் வந்தது என்று தேட வழி பிறக்கும்.

அடுத்தது பதிவேடு. ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) பாதிரிமார் தங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலைச் சென்னைக்கு அனுப்ப, அங்கிருந்து அது லண்டனுக்குப் போகும். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில், லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் இருக்கின்றன. சென்னை மாகாணத்துக்கு என்2 வரிசை. வங்காளத்துக்கு என்1, பம்பாய்க்கு என்3. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டி மூலப் பக்கத்தின் படத்தையே பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்திலும் அட்டவணை இலவசம். அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள், மூலப் பக்கத்தைப் பாருங்கள். அட்டவணையில் இடம் "மெட்ராஸ்" என்று இருந்தால் சென்னை நகரம் என்று நினைத்துவிட வேண்டாம், மாகாணம் முழுவதற்கும் அதே பெயர்தான். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியலே பல மாதம் திறக்கவில்லை. அதனால் கிடைத்ததை அன்றே இறக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

நீலகிரி என்று தட்டித் தேடியதில் நம் ஆள் வரவில்லை. இங்கேதான் என் உத்தியோகம் கைகொடுத்தது. கூடலூர், தேவாலா, பந்தலூர் எல்லாம் 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்த தென்கிழக்கு வயநாடு. அதற்கு முன் அங்கே இறந்தவரை ஊட்டிக் கணக்கில் மட்டும் தேடினால் கிடைக்கமாட்டார். நீலகிரி மலைக்கும் ஒரு கதை உண்டு. அது தனி மாவட்டமானது 1868இல், அதற்கு முன் கோயம்புத்தூர். அதிலும் மலையின் மேற்குப் பகுதி 1830 முதல் 1843 வரை மலபாரோடு சேர்ந்திருந்தது. ஆகவே ஆள் இறந்த வருடத்தில் அந்த இடம் எந்தக் கலெக்டரின் கீழ் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். கோயம்புத்தூர் காலத்துக் கலெக்டர் அலுவலகக் கடிதங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போக வேண்டும்.

மலபார் பக்கத்துப் பதிவில் ஆள் கிடைத்தார். வயது 34, தொழில் தோட்டக்காரர், சாவுக்குக் காரணம் காய்ச்சல். புலி இல்லை. (எனக்கு எழுதும் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரு புலியோ யானையோ இருக்கிறது. வயநாட்டில் வெள்ளைக்காரரையும் கூலிக்காரரையும் ஒன்றுபோல் கொன்றது மலேரியாதான். வெள்ளைக்காரர் சிலருக்காவது கல் கிடைத்தது. காட்டை வெட்டிக் காப்பி நட்ட, கீழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் எங்கே புதைந்தார்கள் என்பதற்கு ஏழாம் நம்பரில் ஒரு அடையாளமும் இல்லை.) அடக்கம் நடத்தியது பாதிரி அல்ல, பக்கத்துத் தோட்டக்காரர். பாதிரி எப்போதாவதுதான் வருவார், வந்தபோது பதிவில் ஏற்றியிருக்கிறார். அதனால் இறந்த தேதிக்கும் பதிவேற்றிய தேதிக்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம், பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள்.

இந்தச் சமயத்தில் ஸ்காட்லாந்திலேயே இன்னொரு கல் கிடைத்தது. அங்கே பெற்றோரின் கல்லறைக் கல்லில் வெளிநாட்டில் இறந்த பிள்ளையின் பெயரையும் வெட்டும் வழக்கம் உண்டு. ஊர் ஊராக இந்த வாசகங்களைச் சங்கங்கள் தொகுத்து வெளியிட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியத் தங்கைதான் அதைப் பிடித்தார். அதில் இறந்த நாள் முழுதாக இருந்தது, அம்மாவின் கன்னிப் பெயரும் இருந்தது. ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு இறப்புப் பதிவு கட்டாயம் என்பதால் இறந்தவரின் அண்ணன் தம்பிகளுடைய கதை மளமளவென்று வந்துவிட்டது. ஆஸ்திரேலிய அண்ணனுக்கு அதோடு திருப்தி. எனக்கும் தங்கைக்கும் இல்லை.

நிலப் பத்திரத்தைத் தேடினேன். பத்திரப்பதிவு இங்கே 1865இல் தொடங்கியது, அதற்கு முந்தைய கொடுக்கல் வாங்கலை அங்கே தேடிப் பயனில்லை. கூடலூர் பக்கம் இன்னொரு சிக்கல், பெரும்பாலான நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற மலபார் அரச குடும்பத்துக்குச் சொந்தமான ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். துரைமார் குத்தகைக்காரர்கள்தான். ஓவேலி என்று நாம் சொல்லும் ஆக்டர்லோனி பள்ளத்தாக்குத் தோட்டங்களும் அப்படி வந்தவையே. ஆகவே குத்தகைச் சீட்டு, பாக்கி வழக்கு எல்லாம் கோழிக்கோட்டுப் பக்கம் போகும், மலையாளம் தெரிந்தவர் துணை வேண்டும். எங்கள் ஆளுக்குக் கிடைத்தது ஒரு பாக்கி வழக்கின் குறிப்பு. காப்பி இலைநோய் வந்து தோட்டங்கள் விழுந்துகொண்டிருந்த காலம். அவரும் கடனில் இருந்தார். சில வருடங்கள் உயிரோடு இருந்திருந்தால் 1880இல் தேவாலாவில் தங்கம் கிடைக்கிறது என்று லண்டன் கம்பெனிகள் ஓடி வந்தபோது நிலத்தை நல்ல விலைக்குத் தள்ளியிருப்பார்.

கடன் இருந்தால் கணக்கு இருக்கும். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இறந்தவரின் உயில், சொத்துப் பட்டியல், ஏலக் கணக்கு மூன்றும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனி வரிசையாக இருக்கின்றன. கல்லறையைவிட நூறு மடங்கு பேசுவது இந்த ஏலக் கணக்குதான். எங்கள் ஆளுக்கு இருந்தது இரண்டு மட்டக்குதிரை, சேணம், துப்பாக்கி, மருந்துப் பெட்டி, உடைந்த நாற்காலி, பைபிள். ஒவ்வொன்றையும் யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று பெயர் போட்டு எழுதியிருக்கும். அந்தப் பெயர்களைக் கண்டிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் அவருடைய அக்கம்பக்கம், அவருடைய உலகம்.

உயில் சின்னது. கடன் போக மிஞ்சுவதில் ஒரு தொகை, "என் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்" பெண் ஒருத்திக்கு. ஒரே பெயர், அதுவும் ஆங்கிலத்தில் எழுதின கோலத்தில் முனியம்மாவா மீனம்மாவா என்று தெரியவில்லை. வேலைக்காரிக்கு எழுதி வைக்கும் தொகை அல்ல அது. இப்படிப்பட்ட வரி உயிலில் வந்தால் உடனே ஞானஸ்நானப் பதிவுகளுக்குப் போங்கள். தகப்பன் இறந்த பிறகு, பிள்ளைகளைப் பள்ளியிலோ விடுதியிலோ சேர்ப்பதற்காகத் தாமதமாக ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள்.

ஆங்கிலிகன் பதிவில் ஒன்றும் இல்லை. கத்தோலிக்கப் பதிவில் தேடினோம். இந்தப் பதிவேடுகள் பெரும்பாலும் கோயிலிலேயே இருக்கும், பங்குத்தந்தையிடம் நேரில் கேட்டுத்தான் பார்க்க முடியும். லத்தீனில் எழுதியிருப்பார்கள், ஜேம்ஸ் ஜாகோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ். குடும்பப் பெயர் மட்டும் பெரும்பாலும் மாறாது, அதைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். சமவெளியில் ஒரு கோயிலில், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரே நாளில் ஒரு பெண்ணும் ஒரு பையனும். தகப்பன் பெயர் அவருடையது. தாயின் பெயர் மாரியம்மாள் என்று அந்தப் பாதிரி தெளிவாக எழுதியிருந்தார், உயிலில் நாங்கள் ஊகித்த இரண்டுமே இல்லை! அதே பெண்தான் என்று எப்படித் தெரியும்? ஞானத்தகப்பன் பெயர் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட பெயர். ஏலத்தில் பைபிளையும் மட்டக்குதிரை ஒன்றையும் எடுத்த அதே பக்கத்துத் தோட்டக்காரர். அடக்கம் நடத்தியவரும் அவர்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு இதை எழுதுவதற்கு முன் தங்கையிடம் மட்டும் கேட்டேன், எல்லாவற்றையும் சொல்லலாமா என்று. இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். நூற்றைம்பது வருடப் பழைய செய்தியானாலும் சிலருக்கு இன்று காலை நடந்ததுபோல இருக்கும். அவர் அனுப்பச் சொன்னார். அண்ணன் பதில் எழுதவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து, அந்தப் பதிவு வேறு யாருடையதோவாக இருக்கலாம் என்று ஒரு வரி வந்தது. சந்தேகப்படுவதற்கு அவருக்கு உரிமை உண்டு, தாளில் இருப்பது பெயர்தானே.

பையனின் வம்சம் திருமணப் பதிவுகள் வழியாக ரயில்வேயில் போய் நின்றது. போத்தனூர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைத் தேடுபவர்களுக்கு ரயில்வே ஒரு வரம், ஊர் மாறினாலும் வேலை மாறாது. பையனின் கொள்ளுப்பேத்தியைக் கோயில் மூலமாகத்தான் அணுகினேன். நேரே கதவைத் தட்டி, "உங்கள் பாட்டன் இன்னார்" என்று சொல்லக்கூடாது. பங்குத்தந்தையோ குடும்பத்துப் பெரியவரோ முதலில் கேட்டுச் சொல்லட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அந்த அம்மா வரச் சொன்னார். கேக்கும் டீயும் கொடுத்து, எல்லாத் தாளையும் நிதானமாகப் பார்த்தார்.

"எங்க பாட்டி சொல்லுவாங்க சார், அவங்க தாத்தா மலைக்காரர்னு. நாங்க படகர்னு நெனைச்சுக்கிட்டிருந்தோம்" என்றார்.

ஆஸ்திரேலியத் தங்கையும் இந்த அம்மாவும் டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டார்கள். பொருந்தியது. இதில் ஒரு எச்சரிக்கை: நான்கைந்து தலைமுறை தள்ளிப்போன உறவில், நிஜமான உறவாக இருந்தும் பரிசோதனையில் பொருத்தம் தெரியாமல் போகலாம். பொருந்தினால் சான்று. பொருந்தவில்லை என்றால் எதுவும் முடிவாகவில்லை, பதிவேடுகளுக்குத் திரும்புங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய காரியமும் அல்ல அது. பெயர் இல்லாமல் பொருத்தம் மட்டும் கிடைத்துக் குழம்பி நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சிலருக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டியிருக்காது. ஜே. ஜே. காட்டன் 1905இல் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். இன்று கல் உடைந்தோ காணாமலோ போயிருந்தாலும் வாசகம் அதில் கிடைக்கலாம், முதலில் அதைப் புரட்டிவிடுங்கள். 1970களில் தொடங்கிய பாக்ஸா என்ற சங்கமும் தெற்காசியக் கல்லறைகளின் விவரங்களைச் சேர்த்து பிரிட்டிஷ் நூலகத்தில் வைத்திருக்கிறது. மெட்ராஸ் அசைலம் பிரஸ் என்ற அச்சகம் வெளியிட்ட பழைய பஞ்சாங்கங்களில் (ஆண்டு விவரப் புத்தகங்கள்) வருடாவருடம் குடியிருப்போர் பட்டியல் வரும். ஒரு ஆள் எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார், எப்போது பட்டியலிலிருந்து மறைந்தார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கல்லறையைப் பழுது பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். தேவாலயத்து மயானம் என்றால் திருச்சபைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி. எங்கள் ஆளைப்போல எஸ்டேட்டுக்குள் என்றால் நிர்வாகத்திடம். அதோடு புலப்படத்தில் (நில அளவைத் துறையின் வரைபடம்) கல்லறை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தாசில்தாருக்கு மனு கொடுத்துக் குறிக்கச் சொல்லலாம், பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்யும் காலத்தில் அந்தக் குறி ஒன்றுதான் பாதுகாப்பு. பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சில மழைக்குள் கல் பொரிந்துவிடும். சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனார் கோயம்புத்தூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

தேவாலா கல்லில் புதிதாக எதையும் வெட்டவேண்டாம் என்று இரண்டு பெண்களிடமும் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். பக்கத்தில் சின்னதாகத் தனிப் பலகை ஒன்று வைக்கலாம் என்று எஸ்டேட் நிர்வாகமும் சம்மதித்துவிட்டது. வாசகத்தில் மாரியம்மாள் பெயரும் இரண்டு பிள்ளைகள் பெயரும் வர வேண்டும் என்கிறார் போத்தனூர் அம்மா, தமிழிலும் ஆங்கிலத்திலும். தங்கைக்கும் அதே எண்ணம்தான். அண்ணனின் கையெழுத்து இல்லாமல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.